மாமாவின் பின்நடை

மாமா வேலை செய்வதை நான் முதன்முதலில் பார்த்தது திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் கட்டியிருந்த சவுக்குக் கம்புத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டுதான். மண் வெட்டும் பெரிய இயந்திரத்தை மேல் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு நகர்த்தும் நாள் அது. டிராயிங் ஆபீசில் அந்த இயந்திரத்தின் பாகங்களை மாதக்கணக்கில் துணித்தாளில் மை போட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அது நகர்வதைப் பார்த்துவர அனுமதி கொடுத்திருந்தார்கள். பல மாடி வீடு ஒன்று தன் இடத்தைவிட்டுக் கிளம்புவதுபோல் அது கிளம்பியது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி கூட அதை முந்திவிடும். அதற்கு முன்னால் ஒல்லியாக ஒரு மனிதர், ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் பச்சைக் கொடி, முகத்தை இயந்திரத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான். தரையில் ஈரக் களிமண், சக்கரத் தடம், சிறு பள்ளம் எல்லாம் இருந்தன. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழி, "யாருடி அது, தைரியமான ஆளா இருக்காரே" என்றாள். என் அக்காவின் கணவர் என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

அப்போது அக்காவும் மாமாவும் என்னோடுதான் இருந்தார்கள். சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு டிரேசராக வந்த எனக்கு ஒரு சிறிய குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் இன்னும் டெம்பரரி. முந்திரியும், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் போட்டிருந்த அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதன் பேரில்தான் வேலை கிடைத்தது. மச்சினி வூட்டில் தங்கியிருக்கும் மாப்பிள்ளை என்று யாரோ டீக்கடையில் சொன்னதாக அக்கா ஒரு நாள் சொன்னாள். மாமா அதைக் கேட்டும் கேட்காததுபோல் கொடிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். சிக்னல்மேன் கொடியில் சேறு இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

பர்மனெண்ட் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்த வருஷம் பொங்கலுக்கு, டெம்பரரி ஆட்களுக்கும் பர்மனெண்ட் ஆட்களுக்கும் சடுகுடு வைத்தார்கள். மாமா பாடிக்கொண்டே உள்ளே போய் இருவரைத் தொட்டுவிட்டார். கோட்டுக்குத் திரும்பும்போது காலைப் பிடித்துவிட்டார்கள். உடம்பு ஒரு பக்கம் வந்தது, முட்டி ஒரு பக்கம் நின்றது. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் கத்தினார். டெம்பரரி ஆட்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்பு முறியவில்லை. மூட்டுக்குள் இருக்கும் நார் இழுபட்டு நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். கட்டுப் போட்டு, ஓய்வு கொடுத்து, பிறகு ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் நடந்தால் வலித்தது. படி இறங்கினால் இன்னும் வலித்தது. வலிக்கிறதே என்று அந்தக் காலைக் காப்பாற்றி நடந்ததில் தொடைச் சதை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. இரண்டு தொடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வேறு வேறு ஆளுடையவை போல இருந்தன. கோடை முடிந்ததும் மெடிக்கல் டெஸ்ட். அதில் தகுதி இல்லை என்று எழுதினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். திரும்பிப் போவதற்கு நிலமும் இல்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எதையும் வரிசை போட்டுப் பார்க்கிறவள். அவர் முட்டிக்கு வலி வரும் நேரங்களை மனதில் அடுக்கிப் பார்த்தேன். காலை முன்னால் வைத்து உடம்பின் பாரத்தை இறக்கும் நொடியில் வலி. மடங்கிய முட்டியின் மேல் பாரம் வந்தால் வலி. உட்கார்ந்தால் இல்லை. நின்றால் இல்லை. இந்த வரிசையில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தது நானல்ல, ஓர் இரும்புக் கட்டில். அக்கா முதுகுவலி என்று கேட்டதால் பக்கத்து வீட்டு கிரேன் ஆப்பரேட்டர் தன்னிடம் சும்மா கிடந்த கட்டிலைக் கொடுத்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. அவர் ஒரு முனையையும் மாமா மறுமுனையையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மாமா பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டி, இரண்டு படி ஏறி, கூடத்துக்குள் வந்து கட்டிலை இறக்கினார். இறக்கிவிட்டு அப்படியே நின்றார்.

"பாப்பா, வலிக்கல" என்றார் என்னிடம்.

திரும்பவும் வாசலுக்குப் போனார். முன்பக்கமாகப் போனபோது முகம் சுளித்தது. பின்பக்கமாக வந்தபோது சுளிக்கவில்லை. கிரேன் ஆப்பரேட்டர் இதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, ரிவர்ஸ் கியர்தான் வேலை செய்யுதோ" என்றார். அந்தப் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பிளாக் முழுவதும் போய்விட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரையே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, தானே அறைக்குள் பின்பக்கமாக நடந்து பார்த்தார். முன்னால் நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படும், பின்னால் நடக்கும்போது விரல்கள் முதலில் பட்டு அப்புறம்தான் குதிகால் இறங்கும் என்று காட்டினார். அதனால் முட்டியில் விழும் அதிர்ச்சி குறைகிறது, முட்டிச் சில்லின் பின்னால் அழுத்தம் குறைகிறது. முட்டியை நிமிர்த்தித் தள்ளும் வேலையைத் தொடையின் முன்பக்கச் சதை செய்ய வேண்டியிருக்கிறது, அவருக்கு வற்றியிருப்பதும் அதே சதைதான். முதுகு நிமிர்ந்துகொள்கிறது. கண் உதவாததால் உடம்பு தன் சமநிலையைத் தானே தேடக் கற்றுக்கொள்கிறது. முட்டிக்கு மட்டுமல்ல, நன்றாக இருக்கிறவர்களுக்குக்கூட இது நல்ல பயிற்சிதான் என்றார். சமமான தரையில், மெதுவாக, சிறு அடியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார்.

"விழக்கூடாதும்மா. இன்னொரு தடவை அந்த முட்டி திருகினா, அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

இதை நான் வீட்டில் அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அன்றிலிருந்து எங்கள் காலைகள் மாறிப்போயின. சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய எங்கள் நகரியத்தில் அப்போது மரங்கள் நிழல் கொடுக்கும் வயதுக்கு வரவில்லை. தார் டிரம்மைப் பிளந்து செய்த கூண்டுகளுக்குள் கன்றுகளாக நின்றன. அந்தக் கூண்டுகளின் வரிசைக்கு நடுவே, எங்கள் வீட்டு முன்னால் போகும் செம்மண் பாதையில், ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள் கிளம்புவதற்கு முன் மாமா நடப்பார். வீட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகப் பாதையின் கோடிவரை போவார். திரும்பி முன்பக்கமாக வந்து மறுபடி தொடங்குவார். நான் முந்தின நாள் சாயங்காலமே கல், முள், தேங்காய் மட்டை எதுவும் கிடக்காமல் பார்த்துவைப்பேன்.

அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். கோலம் போட மாட்டாள். மாமா தூரம் போகப் போக அவள் முகம் வெளுத்துக்கொண்டே போகும். அவளுக்கு இரண்டு பயம். ஒன்று அவர் விழுந்துவிடுவார் என்பது. இன்னொன்றை என்னிடம் அடுப்படியில் சொன்னாள். "ஊரே பாத்து சிரிக்குது. செய்வென வெச்சிட்டாங்களான்னு எதிர் வூட்டம்மா என்னியே கேக்குது. நாளைக்கி பித்து புடிச்சவன்னு எவனாவது ஆபீசுல போய் சொன்னா, முட்டி நல்லா இருந்து இன்னா பிரயோஜனம்?" வைத்தியமே வேலையைக் கெடுத்துவிடக்கூடும் என்பது என் வரிசையில் நான் சேர்க்காத ஒன்று.

தொடை தேறிக்கொண்டு வந்தது. கண்ணுக்கே தெரிந்தது. படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பதை நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் விழுந்தார். பாதையின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று தயங்கி, காலை மாற்றிவைத்து, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். நானும் கிரேன் ஆப்பரேட்டரும் ஓடித் தூக்கினோம். அன்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. நல்லவேளை, முட்டி திருகவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் மறுபடி வீங்கியிருந்தது.

அவர் விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். மணல் இல்லை. கல் இல்லை. செருப்பு வார் அறுந்திருக்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. விழுவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியுமோ அவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் மிச்சம் எதுவும் இல்லாமல் போனது. காரணம் தெரியாத ஒன்று மறுபடியும் நடக்கும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீக்கம் வடிந்து அவர் மறுபடி பாதைக்கு வந்தபோது, அக்காவை வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அவள் இடத்தில் நின்றேன். மாமா கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டார். "நீ முன்னால நிக்காத பாப்பா. பின்னால வந்து சொல்லிகினே வா" என்றார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. அதனால் நான் அவருக்குப் பின்னால் போய், வலது, இடது, நில்லு என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்படித்தான் மிச்ச நாட்கள் போயின. அக்கா கதவுக்குப் பின்னால் இருந்தாள். தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு வருத்தம். அவள் போட்ட காப்பியில் அது தெரிந்தது.

டெஸ்டுக்கு நான் மட்டும் கூடப் போவதாக இருந்தது. அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மூவருமாகக் கிளம்பினோம்.

டெஸ்ட் நடந்த அறைக்கு அரைக்கதவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் கதவுக்குக் கீழே உள்ளே இருப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அன்று இல்லை. வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்திருந்தார். கண், நெஞ்சு, எடை எல்லாம் பார்த்தார்கள். உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மாமாவின் பாதங்கள் அசையாமல் இருந்தன, அப்படியென்றால் நன்றாக உட்கார்ந்து எழுந்திருக்கிறார். பிறகு அந்தச் சுவர்வரை நடந்துபோய் வரச் சொன்னார்கள். குதிகால்கள் எங்களைவிட்டு விலகிப் போயின. நடையில் கோணல் இல்லை. நான் அக்காவின் கையை அழுத்தினேன். அடுத்து கால்விரல்கள் எங்களை நோக்கி வரவேண்டும். மாமாவின் பாதங்கள் சுவர் ஓரம் ஒரு கணம் நின்றன. பிறகு குதிகால்களே எங்களை நோக்கி வந்தன.

அத்தனை காலைகளின் பழக்கம். ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால். கால் தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. உள்ளே பேனா எழுதும் சத்தம் நின்றது. அக்கா, "போச்சு" என்றாள், காற்றுபோல.

என்னய்யா விளையாட்டு இது என்று பெரிய டாக்டர் கேட்டார். மாமா மன்னிப்புக் கேட்டார். பிறகு, மறைக்கத் தெரியாத மனிதர், பொங்கல் சடுகுடுவிலிருந்து கட்டில்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முட்டியை அமுக்கிப் பார்த்தார்கள், மடக்கிப் பார்த்தார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். மெஷினுக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கிற வேலை என்றார். அதைக் கேட்டு அக்காவுக்கு நாக்கு வறண்டுவிட்டது, தண்ணீர் கேட்டாள். நான் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த பானையில் தண்ணீர் எடுக்கப் போனேன்.

தம்ளரோடு நான் திரும்பியபோது அரைக்கதவு திறந்து எல்லோரும் வராந்தாவுக்கு வந்திருந்தார்கள். அந்த முனையில் பெரிய டாக்டர், அவருக்குப் பக்கத்தில் எழுந்து நின்ற அக்கா. மாமா அவர்களைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். டாக்டர் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது.

"நடந்து காட்டு. இங்கே விழறவன் அங்கே மெஷினுக்கு முன்னாலதான் விழுவான். யாரும் குரல் குடுக்கக்கூடாது."

மாமா நடக்கத் தொடங்கினார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வாளி இருந்தது. தரை துடைக்கிற அம்மாள் பினாயில் தண்ணீரோடு அதை வைத்துவிட்டு வார்டுக்குள் போயிருந்தாள். அவர் வரும் கோட்டில் நேராக இருந்தது. நான் அதை நகர்த்த ஓர் அடி எடுத்துவைத்தேன். டாக்டர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவரும் வாளியைப் பார்த்துவிட்டார். அது அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் நின்றேன். மாமாவின் முதுகு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, அன்று சுரங்கத்தில் பார்த்த அதே நடை, விரல் முதலில், பிறகு குதிகால். டாக்டரின் முகம் கல்லாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் வாளியைக் கண்டுவிட்டாள். கண்கள் பெரிதாகின. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

மாமா நின்றார்.

வாளிக்கும் அவர் குதிகாலுக்கும் இடையே ஒரு கை வைக்கிற இடம்தான் இருந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. வலது காலை மெல்லப் பின்னால் நீட்டி விரலால் தடவினார். தகரம் பட்டதும் காலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வாளியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகி, நான் நிற்கும் இடம்வரை வந்து சேர்ந்தார். அவர் முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "தெரிஞ்சுதுங்க" என்று மட்டும் சொன்னார். டாக்டர் உள்ளே போய் எழுதினார். தகுதி உண்டு, ஏணி ஏறும் வேலை மட்டும் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வாளி இருந்தது எப்படித் தெரிந்தது என்று பாதி வழியில் நான் கேட்டேன். மாமா கொஞ்சம் வெட்கப்பட்டார். "மெஷின் முன்னால நடக்கறப்ப பின்னால பாக்க முடியாது பாப்பா. மேல ஒக்காந்துகினு இருக்கற ஆப்பரேட்டரு மூஞ்சியத்தான் பாத்துகினே நடப்பேன். எனக்குப் பின்னால பள்ளமோ மேடோ, மொதல்ல அவரு மூஞ்சியில வந்துடும். அப்பிடியே பழகிட்டேன்."

அப்படியானால் பாதையில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஏன் விழுந்தீர்கள் என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "இவ மூஞ்சியில எப்பவும் பள்ளமாவே இருந்தா நான் எங்க கால வெக்கிறது?"

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். என் முகத்தைப் பார்த்து நடந்திருக்கலாமே, நான்தான் பதறாமல் நின்றேனே என்று கேட்டேன். "உன் மூஞ்சியவா?" என்றார் மாமா. "அதுல ஒண்ணுமே தெரியாதே. அத நம்பி நடந்தா கெணத்துல வுழுந்தப்புறந்தான் கெணறுன்னு தெரியும்." அக்கா அதற்கும் சிரித்தாள். ஆபீசில் என்னை நிதானமான பெண் என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை அதன் பிறகு நான் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்கிக்கொள்கிறேன்.

அவர்களுக்கு இப்போது வேறு பிளாக்கில் சொந்தமாகக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. நகரியத்தில் மரங்கள் கூண்டைவிட்டு வெளியே வந்து பாதைமேல் கை கோத்துவிட்டன. மாமாவின் முட்டி நன்றாக இருக்கிறது. ஆனாலும் நடப்பதை அவர் விடவில்லை. யாரும் இப்போது சிரிப்பதில்லை. முட்டி வலிக்கிற இரண்டொரு ஆபீசர்கள்கூட, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பின்பக்கமாக நடந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். கணவனும் மனைவியும் சேர்ந்து தெருவில் நடப்பது அக்காவுக்குப் பழக்கமில்லாத காரியம். கோயிலுக்குப் போனாலும் நாலடி தள்ளித்தான் போவாள். இப்போது அவர் பின்பக்கமாக நடக்க, அவள் அவருக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி முன்பக்கமாக நடந்து வருகிறாள். அன்றைக்கு ஊறவைத்திருந்த மொச்சையைக் குழம்பு வைப்பதா பொரியல் செய்வதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மாமாவுக்குப் பின்னால் பாதையின் குறுக்கே ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. நான் வாசலில் இருந்து குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். அக்காவின் கண் ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது. மாமா ஓரமாக விலகிக் கன்றுக்குட்டியைச் சுற்றிக்கொண்டு, குழம்பே வைத்துவிடு என்றார். அக்கா கத்தரிக்காய் போடவா என்று கேட்டாள்.